பாதர், அவர் நித்திரை

பள்ளிமுனையில என்னை வாய்க்காரி செலீனா எண்டுதான் சொல்லுவினம். சொல்லட்டும். இந்த வாய் செய்த வேலையை நானே சொல்லுறன், கேளுங்கோ.

என்ர மனுசன் அமிர்தநாயகம், கடலுக்குப் போற ஆள். மாசி மாதம் நெஞ்சில நீர் கட்டி ஆஸ்பத்திரியில போட்டம். முதல் நாளே மூச்சு வாங்க வாங்க என்ர கையைப் பிடிச்சார்.

"செலீனா, வியாழக்கிழமையில பாதர் வாட்டுக்கு வருவாராம். என்னட்டக் கூட்டிக்கொண்டு வா. எனக்கு அவஸ்தை எண்ணெய் பூச வேணும்."

எங்கட பக்கம் பாதர் எண்ணெய்ச் சிமிழோட ஒரு வாசல்ல மோட்டச்சைக்கிளை நிப்பாட்டினா, அயல்ல பந்தலுக்குக் கம்பு தேடத் துவங்கிடுவினம். என்ர அப்பாவுக்குக் காலமை நெத்தியில பூசினது, பின்னேரம் ஆள் இல்லை.

"சாகிறதுக்கு அவ்வளவு அவசரமோ? வாயைப் பொத்திக்கொண்டு கஞ்சியைக் குடியுங்கோ!"

"வாயைப் பொத்தினா எப்பிடியடி குடிக்கிறது?" எண்டு சிரிச்சார். குடிச்சார்.

ஒன்பது வருசத்துக்கு முந்தி, திருநாளில ஆர் சுருவச் சிலையைத் தூக்கிறது எண்ட சண்டையில அப்ப இருந்த பாதருக்கு இவர் கை ஓங்கிப்போட்டார். அண்டையில இருந்து கோயிலுக்குள்ள கால் வைக்கேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கொண்டுவந்து இறக்கிப்போட்டு, பூசை முடியுமட்டும் வெளியில வேப்பமரத்துக்குக் கீழ நிப்பார். வெக்கம். அந்தப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் மனுசன் பாதரைக் கேட்டது. என்ர மரமண்டைக்கு அது விளங்கேல்லை.

முதல் வியாழன் பாதரை வாட் வாசல்லயே மறிச்சன். "இப்பதான் பாதர் கண்ணயர்ந்தவர், எழுப்பாதேங்கோ."

மிஸி டிலோஜினி பாத்துக்கொண்டு நிண்டவ. "அக்கா, ஐயா பாதரைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொல்லவோ?"

"நீர் ஊசி போடுற வேலையைப் பாரும் பிள்ளை! என்ர மனுசனை உயிரோட பெட்டியில வைக்கப் பாக்கிறீரோ?" எண்டு வாட் முழுக்கக் கேக்கக் கத்தினன். பிள்ளைக்குக் கண் கலங்கிப்போச்சு.

பக்கத்துக் கட்டில்ல பைசர் எண்டு முசலிப் பக்கத்து மனுசன். அவரின்ர மனுசி றம்லா, ஓதின தண்ணியைக் காலமையும் பின்னேரமும் பருக்குவா. "அக்கா, அவர் கேக்கிறதைக் குடுங்களே" எண்டா. எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை எண்டு முகத்தைத் திருப்பினன்.

அடுத்த வியாழன் சுடுதண்ணி எடுக்கப் போட்டு வாறன், பாதர் உள்ள வந்திட்டார். பைசரின்ர கையைப் பிடிச்சுச் சுகம் விசாரிச்சுக்கொண்டு நிக்கிறார். ஓடிப்போய்க் குறுக்க நிண்டன்.

"பாதர், அவர் நித்திரை" எண்டு காதோட சொன்னன். பாவம், நம்பிப் போட்டார்.

திரும்பிப் பாக்கிறன், இவர் கண்ணை முழிச்சுப் பாதரின்ர முதுகையே பாத்துக்கொண்டு கிடக்கிறார்.

"என்னட்ட வரேல்லையோ?"

"அவருக்கு அவசரமாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதுக்குப் பிறகு ஒரு கரண்டி கஞ்சி உள்ள போகேல்லை. டொக்டர் மருந்தை மாத்திப் பாத்தார். சனிக்கிழமை மத்தியானம் என்ர ராசா என்னை விட்டிட்டுப் போட்டார்.

எட்டாம் நாள் டிலோஜினி வீட்டுக்கு வந்தா. கதிரையில இருந்து அழுதா.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஐயா என்னட்டச் சொன்னவர். 'பிள்ளை, பாதர் பக்கத்துக் கட்டில் மட்டும் வந்திட்டு என்னைப் பாக்காமப் போட்டார். நான் கை ஓங்கினனான் எல்லே, ஆண்டவர் மறக்கேல்லை. அது சரிதான்' எண்டு. பாதருக்குப் போன் எடுக்கத்தான் அக்கா வெளிக்கிட்டனான். நீங்கள் ஏசுவியள் எண்ட பயத்தில விட்டுட்டன்."

அவவை நான் ஏசேல்லை. எந்த வாயால ஏசுறது? ஆண்டவரே கைவிட்டிட்டார் எண்டு நம்பிக்கொண்டெல்லே அந்த மனுசன் செத்தது. கைவிட்டது ஆண்டவரோ?

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனன். படியில கால் ஏற மாட்டன் எண்டிட்டுது. வேப்பமரத்துக்குக் கீழ, அவர் நிக்கிற இடத்தில போய் நிண்டன். பூசை முடிய பாதர் என்னைக் கண்டிட்டு வந்தார்.

"ஏன் செலீனா வெளியில நிக்கிறீங்கள்? உள்ள வாங்கோ."

இந்த வாயாலயே சொன்னன்.

"பாதர், அண்டைக்கு அவர் நித்திரையில்லை."