துடக்கில்லாதவள்

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து வந்தது. வவுணதீவு பஸ்ஸில் முன் சீற்றுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "அம்மன்ட நெல்லுக் குத்த அவவக் கூப்பிடுங்ககா. அவவுக்குத்தான் துடக்கே வாறல்லையே." நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த 'அவ'வுக்கு யசோதினி என்று பெயர் வைத்தேன். மீதியெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "வாவியின் மேல் நிலா..."

வேண்டாம். நிலாவுக்கும் இவளுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை.

இரண்டாவது: தலைப்பிள்ளை பிறந்து இறந்த அன்று யசோதினிக்கு இரத்தம் நிற்கவேயில்லை. உயிர் தப்பிவிட்டது. தலைக்குள்ளிருக்கும் கடலையளவு சுரப்பி ஒன்று செத்துவிட்டது. அது சொன்னால்தான் சூலகத்தில் முட்டை பழுக்கும். அன்றோடு மாதவிலக்கும் அதன் தீட்டான துடக்கும் நின்றுபோயின.

(மருத்துவக் குறிப்புப் போல எழுதிவிட்டேன். அவள் அழுததை எழுதத் துணிவில்லை.)

ஊருக்கு அது வசதியாய்ப் போயிற்று. அம்மனின் வைகாசிச் சடங்குக்கு நெல்லுக் குத்த மற்றப் பெண்கள் துடக்கு நாள் பார்க்க வேண்டும். இவளுக்கு வேண்டியதில்லை. பிள்ளையில்லாதவள் என்று பிள்ளைப்பெத்த வீட்டில் அவளை ஒதுக்கிய அதே வாய்கள்...

சுற்றி வளைப்பானேன்? ஒதுக்கியவர்களும் கூப்பிட்டவர்களும் ஒரே ஆட்கள்தான்.

3

இந்த வருடம், ஊருக்குத் தெரியாமல், ஊசி. செத்த சுரப்பியின் வேலையை மருந்து செய்யும். கணவன் உதயரூபன்தான் அவள் வயிற்றில் போட்டுவிடுவான். முட்டை பழுத்து வெளிவந்ததை ஸ்கேன் காட்டியது.

"இனி இருந்து பாப்பம்," என்றார் டொக்டர். "சரிவராட்டி துடக்கு வரும். இன்னொருக்கா ஏலாது. உங்கட உடம்பு தாங்காது."

காத்திருந்த நாட்களில் சடங்கு வந்துவிட்டது.

"போகாதகா," என்றான் உதயரூபன்.

"போகாட்டி ஏன் எண்டு கேப்பாங்க. எனக்கும் அம்மனிட்டக் கேக்கக் கிடக்கு."

(என் பங்குக்கு நானும் தடுத்தேன். எந்தப் பாத்திரம் என் சொல் கேட்டது?)

4

உரலுக்கு எதிரே அன்னப்பூரணி, குத்துகிற பெண்களில் மூத்தவள். பாதி நெல் அரிசியாகிவிட்டது. யசோதினி உலக்கையை உயர்த்தினாள். அடிவயிற்றில் ஒரு பிசைவு. பிறகு தொடையில் சூடு.

அவளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளை இல்லை. இனிமேலும் இல்லை.

"என்னகா, நிண்டுட்டாய்?" என்றாள் அன்னப்பூரணி.

5

ஒரு முடிவு: துடக்கு வந்ததைச் சொல்லிவிடுகிறாள். அம்மனுக்குக் குத்திய அரிசி முழுவதையும் கொட்டுவார்கள். ஊசிக் கதை ஊர்வாயில் அரைபடும்.

இன்னொன்று: பேசாமல் குத்துகிறாள். ஊரில் அம்மை கண்டாலும் மழை பொய்த்தாலும் தன்னால்தான் என்று சாகும்வரை நம்புவாள். அம்மனை நம்புகிறவள் அவள், நானல்ல.

மூன்றாவதில் பிள்ளை தங்கியிருந்தது. எழுதி, நானே அழித்தேன். பொய்.

எது நடந்தாலும் அவள் தன் பிள்ளைக்காக அந்த இடத்தில் அழ முடியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த உலக்கையை இறக்க என்னால் ஆகாது. நீங்கள் இறக்குங்கள். கெதியாய் இறக்குங்கள், அவள் இன்னும் அதைத் தூக்கியபடியே நிற்கிறாள்.