விடு என்று சொன்ன இமை

...துடிக்காதே, கொஞ்ச நேரம் சும்மா இரு, உள்ளே கூப்பிட்டுப் பேசி முடிக்கிற வரைக்குமாவது, என்று அடம்பிடிக்கிற பிள்ளையிடம் கெஞ்சுவதுபோல அவள் தன் இடது இமையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள், மேனேஜர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில், தூசி விழுந்த மாதிரி கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு. கதவுக்கு அந்தப் பக்கம், கூட வேலை பார்க்கிற வாயாடி நிற்கிறாள். பேர்தான் வாயாடி, அரை மணி நேரமாக அவள் குரலே வெளியே வரவில்லை. என்ன கேட்கிறார்கள் அவளை, யார் சொல்லி அந்த பாட்டிலை விட்டாய் என்றா? அக்கா கண்ணைக் காட்டினாங்க என்று சொல்லிவிடுவாளா? சொல்லட்டுமே, சொன்னாலாவது ஒழிந்தது என்று இருக்கும், சொல்லாமல் நின்றால்தான்... மறுபடி துடித்தது, இமைக்கடியில் யாரோ நூலைக் கட்டிச் சுண்டுகிற மாதிரி, ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்று வாரமாக இதே கதைதான். முதலில் அவள் கணவன்தான் பார்த்தான், என்ன, காலங்காத்தாலயே கண்ணடிக்கிற என்று சிரித்தான், அவளும் சிரித்தாள். பொம்பளைக்கு இடது கண்ணு துடிச்சா நல்ல சேதிதான் வரும் என்றாள் மாமியார், எந்த சேதியும் வரவில்லை. பஸ்ஸில் எதிர் சீட்டு ஆள் ஒருத்தன், அப்பா வயசிருக்கும், அவளைப் பார்த்து மெதுவாகப் பல்லைக் காட்டி மீசையைத் தடவிக்கொண்டான், அப்போதுதான் புரிந்து உடம்பெல்லாம் கூசிப்போய் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று டாக்டரிடம்கூட இரண்டு பஸ் மாறித்தான் போனாள். சரியா தூங்கறீங்களா, டீ காபி நிறைய குடிப்பீங்களா, வெளிச்சத்தை உத்துப் பாக்கற வேலையா, மனசுல ஏதாவது போட்டு உழப்பிக்கறீங்களா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினாள், வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்றுகூடச் சொன்னாள். டாக்டரிடம் யாராவது பொய் சொல்வார்களா? பெரும்பாலும் தானா நின்னுடும்மா, கன்னம், வாயெல்லாம் சேர்ந்து இழுத்தா மட்டும் உடனே வாங்க என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கன்னத்தையும் வாயையும் வேறு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லியிருக்கலாம். எட்டு மணி நேரம் வெள்ளை விளக்குத் திரைக்கு எதிரில் உட்கார்ந்து மருந்து பாட்டிலில் விரிசல், தூசி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை டாக்டர் என்று. ஆனால் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால்? கண்ணில் கோளாறு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், மறுநாளே திரையிலிருந்து தூக்கி தொட்டி கழுவப் போட்டுவிடுவார்கள். ஒன்பது வருஷமாகக் கழுகுக் கண்ணு என்று பேர் வாங்கியவள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொட்டி கழுவுவதா, நேற்று வந்ததெல்லாம் பார்த்துச் சிரிக்கவா? அந்தக் கூடத்தில் பாட்டில்கள் பெல்ட்டில் உரசி ஓடுகிற இரைச்சலில் காதில் அடைப்பு வைத்துக்கொண்டுதான் உட்கார முடியும், பேச்சே கிடையாது, எல்லாம் கண்ணும் கையும்தான். முதலில் வாயாடி பார்ப்பாள், அடுத்து அவள். சந்தேகமான பாட்டில் வந்தால் வாயாடி அதைத் திரைக்கு முன் சாய்த்துப் பிடித்துப் புருவத்தைத் தூக்குவாள். அவள் தலையை ஆட்டினால் எடு, இடது கண்ணை மூடித் திறந்தால் விடு. இந்த பாஷை எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. விதி என்னவோ, சந்தேகம் வந்தால் எடுத்துவிடு என்பதுதான். ஆனால் எல்லாவற்றையும் எடுத்தால் பெல்ட் நின்றுவிடும், சூப்பர்வைசர் முகம் கோணும், அதனால் அவர்களாகவே பழகிக்கொண்டது. அதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? கண்ணால் பேசிக்கொள்வோம் சார் என்றா?

அப்படி அவள் இமையைப் பார்த்து வாயாடி விட்ட ஒரு பாட்டிலின் கழுத்தில் மயிரிழை விரிசல். போன இடத்தில் மருந்தில் கண்ணாடித் தூள் கிடந்ததாம், மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. பெட்டிச் சீட்டில் முதலில் பார்த்தவளின் எண்தான் இருக்கும், வாயாடியின் எண். நேற்று எல்லார் முன்னாலும் சூப்பர்வைசர் அந்த பாட்டிலின் கழுத்துத் துண்டை நீட்டி, இது உங்க கண்ணுல படலையா என்று கேட்டபோது, என்கிட்ட எதுவும் கேக்கலயே என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. தானாக. கண்தான் தானாகத் துடிக்கிறது என்றால் வாயுமா? வாயாடி அவளைத் திரும்பிப் பார்த்தாள், கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. இராத்திரி முழுக்க அந்தப் பார்வைதான்.

இல்லை, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். அவ மேல தப்பில்ல சார், எனக்குக் கண்ணு துடிக்குது, மூணு வாரமா மறைச்சிட்டேன், நான் விடுன்னு சொல்றதா அவ நெனச்சுட்டா, அவ்வளவுதான். எவ்வளவு சின்ன விஷயம். தொட்டிதானே, கழுவினால் போகிறது. அவளுக்கு லேசாகப் பெருமையாகக்கூட இருந்தது, கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள், துடிப்பு யார் கண்ணில் பட்டால் என்ன இனி.

கதவு திறந்தது. வாயாடி வந்து பெஞ்சின் அடுத்த முனையில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

"உங்கள வரச் சொல்றாங்க. நாலு நிமிஷம் கழிச்சு. போன் பேசறாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நான்தான் கவனிக்கலன்னேன். எழுதிக் குடுன்னாங்க, குடுத்தேன்."

"ஏண்டி இப்படிப் பண்ண? இரு, நான் போய்ச் சொல்றேன். எனக்குக் கண்ணு துடிக்குதுடி. மூணு வாரமா. உனக்குத் தெரியாது. அதப் பாத்துதான் நீ..."

வாயாடி நிமிர்ந்தாள். "தெரியுமேக்கா."

"என்ன தெரியும்?"

"துடிக்கிறது தெரியும். மொத நாளே தெரியும், நாள் பூரா உங்க மூஞ்சியத்தான பாத்துட்டு உக்காந்திருக்கேன்." குரலில் குத்தலே இல்லை. "துடிச்சா படபடக்கும், அரைகுறையா மூடும். அப்பல்லாம் நான் மறுபடி பாட்டில தூக்கிக் காட்டுவேன். கவனிக்கலயா நீங்க? அன்னிக்கு நல்லா மூடித் திறந்தீங்க. ஷிப்ட் மணி அடிக்க ரெண்டு நிமிஷம் இருந்துச்சு."

மறுபடி தூக்கிக் காட்டினாளா, ஆமாம், இந்த மூன்று வாரமாக எத்தனை பாட்டிலை இரண்டு தரம் காட்டியிருக்கிறாள், பெண்ணுக்குக் கைவேகம் குறைந்துவிட்டது என்றல்லவா நினைத்துச் சலித்துக்கொண்டோம்... அன்றைக்கு? அன்றைக்குச் சாயங்காலம் கழுத்து வலி, மணியைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, வாயாடி புருவத்தைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறது, பாட்டில்... பாட்டிலைப் பார்த்தேனா? கண்ணை மூடியது நானா, அதுவா? உள்ளேயிருந்து அடுத்த ஆளை வரச் சொல்லுங்க என்ற குரல் கேட்டது. எழுந்தாள். மூன்று வாரத்தில் முதல் தரமாக, இமை துடித்துவிட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.