அடுத்த மாதம் வரும் கார்டு

"அடுத்த மாசம்க்கா, சத்தியமா வந்துரும்" என்றான் அனிபால். ஐந்து வாரமாக இதையேதான் சொல்கிறான். பிரேசில் எல்லைப் பாலத்தடிக் கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும், சுனில்டாவின் சித்தி மகன். சொல்லிவிட்டு, தேயிலை மாதிரி இலை நிரப்பிய தெரெரேக் கோப்பையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி அவளிடம் நீட்டினான். வாங்கி உறிஞ்சினாள். கசந்தது.

இவன் பேச்சைக் கேட்டுத்தானே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டை விற்றாள்! புதுத் தலைமுறைக் கார்டு வரப்போகிறது, வந்துவிட்டால் பழசைச் சீந்த ஆளிருக்காது, இப்போதே தள்ளிவிடு என்றான். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். புதுசு வருகிறது என்று காதில் விழுந்ததுமே, பழசைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிரேசில்காரன் தலையில் கட்டிவிட்டு கார்டில்லாத வெறும் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கிற புத்தி. அவளுக்கும் அதே புத்திதான், யாரை நோவது?

கார்டு இல்லையென்றால் கம்ப்யூட்டரில் விளையாட்டு ஓடாது. மற்றவர்களுக்கு அது வெறும் விளையாட்டு. அவளுக்கு அப்படியில்லை. கணவன் டெர்லிஸ் ஸ்பெயினுக்குக் கொத்து வேலைக்குப் போய் மூன்று வருடம். போனில் 'சாப்பிட்டியா, தூங்கினியா'வோடு பேச்சு வற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து ஆடும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் காட்டுக்குள் இறங்கினால்தான் இருவருக்கும் வாய் திறக்கும். சேர்ந்து மரம் வெட்டுவார்கள், ஓநாயை விரட்டுவார்கள், கட்டப்போகும் வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று சண்டை போடுவார்கள். ஐந்து ஞாயிறாக அவன் மட்டும் தனியே போகிறான். முதல் வாரம் திட்டினான். மூன்றாவது வாரம் விசாரித்தான். போன வாரம் கார்டைப் பற்றிக் கேட்கவேயில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"டேய், உண்மையைச் சொல்லு. வருமா, வராதா?"

"வரும்க்கா. ஒருத்தன் மார்ச்ங்கிறான், ஒருத்தன் வருஷக் கடைசிங்கிறான். எனக்கே மண்டை காயுது."

"அப்ப நான் வித்த மாதிரியே ஒரு பழசைக் குடு."

அனிபால் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். "இந்தா. ஆனா அடுத்த வாரமே புதுசு வந்துட்டா என்னைத் திட்டக் கூடாது."

வாங்க நீட்டிய அவள் கை நின்றுவிட்டது. வாங்கவா, பொறுக்கவா? ஐந்து வாரம் பொறுத்தாயிற்றே, இன்னும் ஒரே ஒரு வாரம்... சீ, என்ன மூளை இது!

அப்போதுதான் டெர்லிஸிடமிருந்து போனில் படங்கள் வந்தன. அந்த விளையாட்டில், வெளியேறிப் போனாலும் நம் உருவம் மறைவதில்லை. கடைசியாக நின்ற இடத்திலேயே படுத்துத் தூங்கும். ஆற்றங்கரையில் ஐந்து வாரமாக மழையில் கிடந்த அவளுடைய உருவத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கூரை போட்டிருந்தான். சுற்றிவந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்திருந்தான். கீழே ஒரு வரி: "இனிமே நனைய மாட்ட."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பாவி மனுஷன், விட்டுவிடவில்லை!

"என்னக்கா, நல்ல செய்தியா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் மறுபடி போனைப் பார்த்தாள். முதல் படத்தை விரலால் பெரிதாக்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. இன்னொரு கை, தன்னை அறியாமலே பழைய கார்டின் பெட்டியை இறுகப் பிடித்திருந்தது. நான்கு பக்கமும் பலகைதான். ஜன்னல் இல்லை. கதவை எங்கேயும் காணோம். உள்ளே படுத்திருப்பவள் எழுந்தால் எந்த வழியாக வெளியே வருவாள்?