சிம்பல் அடங்கும் வரை

அந்தப் பாட்டைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹெவி மெட்டல் இசை என்றால் காதைப் பொத்திக்கொள்கிற ரகம் இல்லை அவள். டிரம்ஸ்காரனைக் கட்டிக்கொண்டவள் அப்படி இருக்க முடியுமா? கோபமெல்லாம் பாட்டின் கடைசியில் வரும் ஓர் இருமலின் மேல்தான்.

இருமியது அவள் கணவன். கல்லை நொறுக்கிப் பொடியாக்கும் ஆலையில் பகலெல்லாம் வேலை, சாயங்காலம் டிரம்ஸ். ஆலை இயந்திரத்தின் சத்தத்தையே, இரண்டு அடி, ஓர் இழுப்பு, மறுபடி ஓர் அடி என்று பாட்டின் தாளமாக்கினான். அதுவரை இந்த வகைக் குழுக்கள் எல்லாம் யாரோ துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. இவன் குழுவின் பாட்டோ மூட்டை சுமப்பவன் மாதிரி நடந்து வந்தது. அதைக் கேட்டபின் எங்கெங்கோ இருந்த குழுக்களும் வேகத்தைக் குறைத்துக்கொண்டன.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. டிரம்ஸில் கடைசியாக அடிக்கும் சிம்பல் தட்டின் ரீங்காரம் அடங்கும் வரை யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. பதிவு நடந்த அன்று பாட்டு முழுக்க அடக்கி வைத்திருந்தவன், அந்த ரீங்காரத்தின் நடுவில் முடியாமல் இருமிவிட்டான். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அவள் பதறி எழுந்தாள். வாசிப்பு இதைவிட நன்றாக அமையாது என்று இருமலோடு அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அது ஆலை முதலாளிகளுக்கு எதிரான கலகக் குரல் என்று ஒருத்தன் எழுதினான். உலகத்தைப் பார்த்துச் செய்த கேலி என்றான் இன்னொருத்தன். எந்த மேடையில் யார் அதை வாசித்தாலும், முடிவில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து இருமும், இருமிவிட்டுச் சிரிக்கும். அவள் லென்ஸ் தேய்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே, பாட்டின் பெயர் போட்ட சட்டையோடு ஆட்கள் வருவார்கள். கல்தூள் நுரையீரலில் இறங்கிவிட்டதை முதன்முதலில் சொன்ன இருமல் அது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? பாட்டு பேர் வாங்குவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

ஏதோ காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லித்தான் மகளை வளர்த்தாள். சின்ன வயதில் மகள் பாட்டைப் போட்டுவிட்டு ஸ்பீக்கர் முன்னால் சப்பணமிட்டு உட்காருவாள். இருமல் வந்ததும், "அப்பா வந்துட்டாரு" என்பாள். டிரம்ஸ் அடித்தவன் பாடவில்லையே. அவன் தொண்டையிலிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். அம்மாக்காரி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

இப்போது பழைய நாடாவிலிருந்து பாட்டை எடுத்து, இரைச்சல் நீக்கிப் புதிதாக வெளியிடப் போகிறார்கள். கிட்டார் வாசித்த சடைதான் பொறுப்பு. இடுப்பு வரை முடி வளர்த்த காலத்தில் வந்த பெயர். முடியெல்லாம் கொட்டிவிட்டது, பெயர் மட்டும் கொட்டவில்லை.

"அண்ணி, உங்களுக்கு எப்படி வேணுமோ சொல்லுங்க, செஞ்சுடலாம்."

"அந்த இருமலை எடுத்துடு."

சடை குறித்துக்கொண்டான்.

வேலை முடிந்ததும் கேட்கக் கூப்பிட்டான். மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். மகளுக்கு நெஞ்சு நோய் மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை, சீருடையோடே வந்திருந்தாள். சடை பாட்டை ஓடவிட்டான். கடைசி சிம்பல் விழுந்தது. ரீங்காரம் இழைந்து இழைந்து, எந்தத் தடங்கலும் இல்லாமல் அடங்கிப்போனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இனி எவனும் இருமிச் சிரிக்க மாட்டான்.

மகள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். ஊரே சிரிக்குது. அது என்ன இருமல்னு உனக்குத் தெரியாது."

"தெரியும்மா. வேலைக்குச் சேர்ந்த புதுசுலயே தெரிஞ்சுபோச்சு. வார்டுல ஒரு கல் ஆலைக்காரர் இருமினாரு. அப்படியே அப்பா. வெளிய போய் அழுதுட்டுத்தான் திரும்பி வந்தேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ குழாயைத் திறந்துவிட்டுக்குவியே. அதான்."

இத்தனை வருஷம் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அதே துக்கத்தை மூடி வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் வளையவந்திருக்கிறார்கள். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?

"நோய்தாம்மா அது," என்றாள் மகள். "ஆனா அப்பா குரல்னு எனக்கு வேற என்ன இருக்கு? சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த இருமலைத் திருப்பிப் போடுப்பா சடை."

சடை எதையோ தட்டினான். மறுபடி கடைசி சிம்பல். ரீங்காரம் இழைய ஆரம்பித்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருமல் வந்தது. முதலில் ஒன்று, அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொன்று.

அவள் கை தானாகக் காலடியில் துழாவியது.

"இந்தாங்க, வெந்நீர். மெதுவாக் குடிங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. தரையில் பிளாஸ்க் எதுவும் இல்லை. மகள் அந்த வெறுங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.