தாடைக்கட்டு

பனியன் துணியில் நீளமாக ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு மருதாள் கட்டிலருகே வந்தபோது, புருஷன் தங்கவேலுவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நெஞ்சு நின்றுபோனது என்று பக்கத்துத் தெரு டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார்.

நான்கு வருஷமாக ஒரு விரல் நுழையத் திறக்காத வாய். காதுக்கு முன்னால் தாடை பொருந்தும் மூட்டு தேய்ந்து, வாதம் பிடித்திருந்தது. உள்ளே எலும்பு மஜ்ஜையே மாறிப்போயிருக்கிறது என்று கோயம்புத்தூரில் ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். நிட்டிங் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தி வேலை வாங்கிய மனிதர், கடைசியில் தலையாட்டலோடு நின்றுபோனார். கொட்டாவி வந்தால்கூடக் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கண்ணில் நீர் வழியும்.

குண்டடத்திலிருந்து பைக்கில் வந்திறங்கிய அவர் தங்கை சுப்பாத்தாள், அழுதுகொண்டே உள்ளே நுழைந்தாள்.

“எலும்புந்தோலுமாப் போயிட்டாரே! கேன்சருன்னு ஏனுங் நங்கையா எங்ககிட்ட மறைச்சீங்க? கஞ்சிய ஊத்தியே என்ற அண்ணனக் கொன்னுபோட்டீங்களே!”

வாசலில் நின்ற, அவரோடு வேலை பார்த்த பனியன் கம்பெனி ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். மருதாள் கட்டிலருகே சற்று விலகி இடம் விட்டாள்.

“கிட்ட வா அம்மிணி. வாய்க்குள்ள நல்லாப் பாரு. புண்ணு கிண்ணு ஏதாச்சும் இருக்குதா?”

சுப்பாத்தாள் தயங்கிக் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“இல்லீங்க.”

“கேன்சர் இல்லீன்னு எத்தன தடவ சொன்னேன். மூட்டுதான் போச்சு. சோறு மெல்லணும்னு அவருக்கு ஆசையில்லாமயா இருந்துச்சு?”

சுப்பாத்தாள் அண்ணனின் கன்னத்தைத் தொட்டாள். எப்போதும் கல்லாக இறுகிக் கிடக்கும் இடம் தளர்ந்திருந்தது. மருதாள் துணியைத் தாடைக்கடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சைப் பட்டும் படாமலும் போட்டாள்.

“இறுக்கிக் கட்டுங்க நங்கையா,” என்றாள் சுப்பாத்தாள், குரல் உடைந்து. “இனி வலிக்காது.”

மருதாள் இழுத்துக் கட்டினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் எடுத்துப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்ட பின், சுப்பாத்தாள் டீயும் வர்க்கியும் கொண்டுவந்து மருதாளின் முன்னால் வைத்தாள். இத்தனை நாளும் மருதாள் மொறுமொறுப்பாக எதைத் தின்றாலும், அவருக்குக் கேட்காமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டீயில் ஊறவைத்துத்தான் தின்பாள்.

இப்போது நடுவீட்டில் உட்கார்ந்து, ஊறவைக்காமலே ஒரு கடி கடித்தாள். சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மெல்லாமல் நிறுத்தி, கட்டில் கிடந்த பக்கம் பார்த்தாள். பிறகு மென்றாள்.