மஞ்சள் கேலிப்பர்

குரலைக் கேட்டதுமே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. உப்புத்தாளால் கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. முகமூடியும் கண்ணாடியும் போட்டிருந்ததால் அவனுக்கு அவளைத் தெரியவில்லை. அவை இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது. பெயிண்ட் அடிக்கிறவர்கள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கிற ஆளில்லை அவன்.

"எவனோ ஆசிட்டை ஊத்திக் கழுவி பிரேக் கேலிப்பர் பெயிண்டையெல்லாம் உரிச்சுட்டான். சக்கரத்துக்குள்ள மஞ்சள் பளிச்சுனு தெரியணும் சார். ஞாயித்துக்கிழமை மைதானத்துல எங்க கார் கிளப் கூடுது, பொண்ணு வீட்டுக்காரங்களும் வர்றாங்க" என்று ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெண் வீட்டுக்காரர்களாமே!

அவன் அவளுடைய தங்கையைக் கட்டியிருந்தவன். அலுத்துப்போனதும் தங்கைக்குப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொன்னான். அழுதால் பைத்தியம், சிரித்தால் பைத்தியம். மாடிப்படியில் தங்கை இறங்கிவந்தால் பக்கத்து வீட்டார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அவளிடம் பாட்டுப் படிக்க வந்த பிள்ளைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. விவாகரத்து அவனுக்குச் சுலபமாகக் கிடைத்தது. பைத்தியம் என்ற பட்டம் மட்டும் தங்கையோடு பிறந்த வீட்டுக்கு வந்தது.

"இதை நீயே பாரு. உன் கை பட்டாதான் பெயிண்ட் நிக்கும்" என்றார் முதலாளி அவளிடம்.

காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் கட்டை கண்ணெதிரே இருந்தது; கிரீஸ் டப்பா காலடியில். அதில் ஒரு விரல் தொட்டுக் கட்டையில் தடவினால் போதும், பிரேக் பிடிக்காது. விரலை விட்டு எடுத்தும்விட்டாள். காரோடு அவன் சுவரில் போய் மோதுவதை மனசுக்குள் ஆசைதீரப் பார்த்தாள். ஆனால் அந்தக் கார் சுவரைத் தேடிப் போகுமா? வழியில் எவள் பெற்ற பிள்ளையோ ரோட்டைக் கடக்குமே. விரலைப் பேண்ட்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

'செத்துப்போனா ஒரே நாள்ல முடிஞ்சிடும். நாலு பேர் முன்னாடி இவன் நாறணும்' என்று தோன்றியது.

பிரேக் கட்டையைக் கவ்வியிருக்கும் கேலிப்பரை வயர் பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும், எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும், சூடு தாங்கும் பெயிண்டை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். அவள் சுரண்டவுமில்லை, கழுவவுமில்லை. டிஸ்க்கிலும் கட்டையிலும் சொட்டுக்கூடப் படாமல் டேப் ஒட்டிவிட்டு, வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த சாதாரண மஞ்சள் பெயிண்டைப் பிசுக்கின்மேலேயே கெட்டியாகப் பூசினாள். பார்க்கக் கண்ணாடி மாதிரி மின்னியது. அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சீட்டியடித்தான்.

வீட்டில் சொன்னபோது தங்கை, "கிளப் எங்கக்கா கூடுது?" என்றாள்.

"எதுக்கு?"

"நானும் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். சரிவான ரோடு வந்து முடியும் மைதானம். கல்யாணப் பெண்ணின் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவன் மேலேயிருந்து பறந்துவந்தான். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து வித்தை காட்டினான். கார் ஒழுங்காகத்தான் நின்றது. ஆனால் பிரேக் சூடேறி நான்கு சக்கரத்திலிருந்தும் புகை. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் குடலைப் பிடுங்கியது. மஞ்சள் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, கறுத்து, டயரில் சொட்டியது. கிளப்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே செல்போனில் படம் பிடித்தார்கள். பெண்ணின் அப்பா இருமிக்கொண்டே இறங்கி ஓடினார்.

அப்போதுதான் தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அக்கா இதை எதிர்பார்க்கவில்லை.

"என்னங்க, காருக்கும் பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

அவன் அவசரமாகக் காரை விட்டு இறங்கினான். பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண், "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"முதல் சம்சாரம். என்னைப் பத்தி சொல்லியிருப்பாரே?"

"செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னார்" என்றாள் அந்தப் பெண்.

தங்கையே ஒரு கணம் ஆடிப்போனாள். பிறகு, "பேசணும்னா வாங்க" என்றாள். இரண்டு பேரும் மரத்தடிக்குப் போனார்கள். நடுவில் புகுந்து பேசப் போனவனைப் பெண்ணின் அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

மறுநாள் அவன் ஒர்க்‌ஷாப்பில் வந்து குதித்தான். முதலாளி கேலிப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"தெரிஞ்சே பண்ணினியா?"

"ஆமா சார்."

"என் பேர்ல கரியைப் பூசிட்டியேம்மா. சரி பண்ணிக் குடுத்துட்டு நாளையிலேருந்து வராதே."

இந்த ஒன்றுக்குத்தான் அவள் தலைகுனிந்தாள். முகமூடி போடாமலே வேலையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அடையாளம் கண்டு கிட்டே வந்து குனிந்தான்.

"நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள்.

உலோகம் தெரியும்வரை சுரண்டி, கழுவி, சூடு தாங்கும் பெயிண்டையே அடித்தாள். பேருக்குக்கூட ஒரு குறை வைக்கவில்லை; அது முதலாளிக்காக.

வேறு வேலை கிடைக்க அவள் நாயாக அலைய வேண்டியிருந்தது. அவனுடைய கல்யாணம் நின்றுபோனதைத் தங்கைக்குப் போனில் சொன்னது அந்தப் பெண்ணேதான். அன்றைக்கு அக்காவும் தங்கையும் ஜன்னல்களை விரியத் திறந்துவைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள்.