ஊசி வேண்டாம்

கட்டு மாற்றுவதற்காக நர்ஸ் கலியனின் தொடையை லேசாகத் தூக்கினாள். குழாய் வழியாக அவனுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த மிஷின் சட்டென்று திணறியது.

"பாத்தியா நர்ஸம்மா, தானா மூச்சு இழுக்கறாரு" என்றாள் அவன் மனைவி செங்கம்மாள்.

ஏரியில் மீன் படாத மாதங்களில் பழவேற்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி கட்டுகிற வேலைக்குப் போனவன். இரும்புத் தூண் சரிந்து நெஞ்சும் தொடையும் நொறுங்கிவிட்டன. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து கண் திறக்கவில்லை. வலிக்கிறதா என்று யாரும் அவனைக் கேட்க முடியாது. எதற்கும் வலிக்கு ஊசி போடலாம், ஆனால் மூச்சு மந்தமாகும் என்று டாக்டர் சொன்னபோது வேண்டவே வேண்டாம் என்று தடுத்தவள் செங்கம்மாள்தான். சொந்த மூச்சு திரும்புகிற மனுஷனை யாராவது மயக்கிப் போடுவார்களா?

தூக்கம் கெட்டுக் கெட்டு அவளுக்கு நிற்கக்கூட முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் காலைக் கீழே விட்டதும் மிஷின் சீராக ஓடியது. மறுபடி தூக்கினாள், மறுபடி திணறியது.

ஒருமுறை கெளுத்தி மீனின் முள் அவன் உள்ளங்கையில் ஏறியபோது செங்கம்மாள்தான் பிடுங்கினாள். கத்தினால் குப்பமே நாள் முழுக்கக் கிண்டல் பண்ணும். அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை. முள் வெளியே வரும்வரை மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டிருந்தான்.

"நர்ஸம்மா, கால உடு! உடும்மா!"

"இன்னாம்மா ஆச்சு?"

"அவரு மூச்சு இழுக்கல. நோவு தாங்காம அடக்கிக்கினு கீறாரு. அந்த ஊசியப் போடச் சொல்லு."

நர்ஸ் காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். செங்கம்மாளுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு திணறலுக்கும் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் பாவி!

ஊசி போட்ட பிறகு கட்டு மாற்றும்போதுகூட மிஷின் திணறவில்லை. சாயங்காலம் அவன் போய்விட்டான்.

உடலை ஏற்றிய வண்டி பொன்னேரியைத் தாண்டும்போது கலியனின் தம்பி துளசிராமன் கேட்டான்.

"அண்ணன் ரொம்ப கஷ்டப்பட்டாரா அண்ணி?"

"இல்லப்பா. தூங்கிக்கினேதான் போனாரு."

"நீங்க கூடவே இருந்தீங்க. அது போதும் அண்ணி."

குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் பசை கலியனின் வாயோரம் கறுப்பாகத் தங்கியிருந்தது. முந்தானையை நனைத்துத் துடைத்தாள்.

"அழுத்தித் தேய்ங்க அண்ணி, போயிடும்."

அவள் அழுத்தவில்லை. மெதுவாகவே துடைத்துக்கொண்டிருந்தாள்.